கூடாரத்தைத் தின்ற பூசணம்

மழைக் காலம் வந்தால் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்துவிடும். அழைக்காமலே வரும். ஊறுகாய் ஜாடியில் வெள்ளையாகப் படரும். தோல் செருப்பில் பச்சையாகப் பூக்கும். பெட்டியில் மடித்து வைத்த பருத்திப் புடவையில் கறுப்புப் புள்ளி வைக்கும். "ஐயோ, பூசணம் பிடித்துவிட்டதே!" என்று தாய்மார்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

அந்தப் பூசணத்தைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம்.

சிரிக்க வேண்டாம். பூசணங்களில் ஒன்று, இன்று கோடிக் கணக்கில் பணம் புரளும் தொழில்களுக்கு வேலையாளாக இருக்கிறது. அதன் உடம்புக்குள் இயற்கை எழுதி வைத்த எழுத்துக்களை விஞ்ஞானிகள் படித்துவிட்டார்கள். அப்படிப் படித்த எழுத்தினால் வரும் லாபத்தில் யாருக்குப் பங்கு? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு உலக நாடுகள் இப்போது வாதாடிக்கொண்டிருக்கின்றன. அந்த வாதத்தில் நம் நாட்டுக்கும் வேலை இருக்கிறது.

யுத்த காலத்துச் சங்கதி

இரண்டாவது உலக யுத்தம். பசிபிக் கடலில் சாலமன் தீவுக் கூட்டம் இருக்கிறது. 1942-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்கத் துருப்புகள் அங்கே இறங்கின. ஜப்பானியப் படையுடன் கடும் சண்டை நடந்தது.

அமெரிக்கச் சிப்பாய்களுக்கு அங்கே இன்னொரு எதிரியும் இருந்தது. அதற்குத் துப்பாக்கி கிடையாது. சத்தமும் கிடையாது. புழுக்கமும் மழையும் நிறைந்த அந்தத் தீவுகளில், சிப்பாய்களின் கூடாரத் துணி இற்றுப் போயிற்று. பையும் வாரும் நைந்து கிழிந்தன. எல்லாம் கெட்டியான பருத்தித் துணி. புதிதாக வந்த சாமான், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழந்துணி ஆயிற்று.

"யார் இதைத் தின்கிறார்கள்? கண்டுபிடியுங்கள்" என்று ராணுவம் விஞ்ஞானிகளிடம் சொன்னது.

துணியில் வளர்ந்த பூசணங்களை எடுத்துக் கண்ணாடிக் குழாய்களில் வளர்த்தார்கள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டார்கள். அதில் ஒன்றுக்குக் 'கியூ.எம். 6ஏ' என்று பெயர். கியூ.எம். என்பது ராணுவத்துக்குச் சாமான் வழங்கும் இலாகாவின் பெயர்ச் சுருக்கம். ஆறாம் நம்பர் பூசணம்!

எல்வின் ரீஸ் என்ற விஞ்ஞானியும், மேரி மாண்டல்ஸ் என்ற பெண் விஞ்ஞானியும் இந்தப் பூசணத்தைப் பல வருஷம் ஆராய்ந்தார்கள். யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்காவில் நேட்டிக் என்ற ஊரில் ராணுவ ஆராய்ச்சிக் கூடம் ஏற்பட்டது. வேலை அங்கே தொடர்ந்தது. பிற்பாடு 1977-ம் ஆண்டில், ரீசின் பெயரையே பூசணத்துக்கு வைத்தார்கள். 'டிரைக்கோடெர்மா ரீசி' என்பது அதன் முழுப் பெயர்.

டிரைக்கோடெர்மா என்ற சொல் நம் விவசாயிகளுக்குப் புதிதல்ல. வேர் அழுகல் நோய் வராமல் இருக்க, கிலோ விதைக்கு 4 கிராம் 'டிரைக்கோடெர்மா விரிடி' தூள் கலந்து விதைக்கிறார்களே, அது இந்தப் பூசணத்தின் உறவுதான்.

வேட்டியும் சர்க்கரைதான்

பருத்தித் துணியை இந்தப் பூசணம் எப்படித் தின்கிறது? வாய் இல்லை. பல் இல்லை.

ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். குழம்பு ஊற்றாத வெறும் சோற்றை ஒரு வாய் எடுத்து நெடுநேரம் மெல்லுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக இனிக்கும். சோற்றில் இருக்கும் மாவுச் சத்தை நம் எச்சில் வெட்டிச் சர்க்கரை ஆக்குகிறது. எச்சிலில் உள்ள அந்த வெட்டும் சரக்குக்கு 'என்சைம்' என்று பெயர். தமிழில் நொதி என்பார்கள்.

பருத்தியும், வைக்கோலும், காகிதமும், மரமும்கூடச் சர்க்கரை கோத்த சங்கிலிதான். அதற்குச் செல்லுலோஸ் என்று பெயர். ஆனால் அந்தச் சங்கிலி மிக இறுக்கமானது. நம் எச்சிலும் வயிறும் அதை வெட்ட முடியாது. அதனால்தான் நாம் வைக்கோல் தின்பதில்லை. மாடு தின்கிறது என்றால், மாட்டின் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதற்காக வெட்டிக் கொடுக்கின்றன.

கூடாரத்துப் பூசணம் தன் என்சைமை வெளியே கசிய விடுகிறது. என்சைம் துணியைக் கத்தரிக்கிறது. துணி சர்க்கரையாக மாறுகிறது. பூசணம் அதை உறிஞ்சிக் கொள்கிறது.

இதைப் புரிந்துகொண்ட பிறகு விஞ்ஞானிகளின் எண்ணமே மாறியது. துணியைத் தின்னும் பூசணத்தை ஒழிக்கத்தான் வேலையைத் தொடங்கினார்கள். அதுவே வைக்கோலையும் குப்பைக் காகிதத்தையும் சர்க்கரை ஆக்குமானால், அந்தச் சர்க்கரையைப் புளிக்க வைத்து எரிசாராயம் எடுக்கலாம் அல்லவா? 1973-ம் ஆண்டில் பெட்ரோல் விலை உலகமெங்கும் ஏறியது. அப்போது இந்த ஆராய்ச்சிக்கு மவுசு வந்தது.

வெட்டும் என்சைம் வேறு வேலைகளுக்கும் போயிற்று. ஜீன்ஸ் கால்சட்டையைப் பழசு போலக் காட்ட முன்பு கல்லைப் போட்டு உருட்டித் துவைத்தார்கள். இப்போது என்சைம் அந்த வேலையைச் செய்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் 'பயோ வாஷ்' என்று சொல்கிறார்களே, அதுவும் இந்த வகை என்சைம் வேலைதான். துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறை அது கடித்து எடுத்துவிடுகிறது. துணி வழவழப்பாகிறது. பயப்பட வேண்டாம், துணியில் பூசணத்தை விடுவதில்லை. பூசணத்தைப் பெரிய தொட்டிகளில் வளர்த்து, அது கசிய விடும் என்சைமை மட்டும் வடிகட்டி எடுத்து விற்கிறார்கள்.

குருட்டு அடியில் கிடைத்த பூசணம்

தீவிலிருந்து வந்த பூசணம் கசிய விட்ட என்சைம் தொழிலுக்குப் போதவில்லை. அதிகம் கொடுக்கும் பூசணம் வேண்டும். என்ன செய்வது?

பூசணத்தின் மீது புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினார்கள். ரசாயனத்தில் போட்டார்கள். அதன் உடம்பில் ஏதோ ஒன்று மாறும். எது மாறும் என்று யாருக்கும் தெரியாது. பெரும்பாலானவை உபயோகமில்லாமல் போகும். ஒன்றிரண்டு, முன்னைவிட அதிகமாக என்சைம் கொடுக்கும். அவற்றைப் பொறுக்கி எடுத்து, மறுபடியும் கதிரைப் பாய்ச்ச வேண்டும். அமெரிக்காவில் ரட்கர்ஸ் சர்வகலாசாலையில் 1970-களின் கடைசியில் இப்படித்தான் 'ரட் சி-30' என்ற பூசணம் பிறந்தது. ஏராளமாக என்சைம் கொட்டியது. ஆனால் அது ஏன் அப்படிக் கொட்டுகிறது என்பது கொட்ட வைத்தவர்களுக்கே விளங்கவில்லை.

நாலே எழுத்து

இனி எழுத்து விஷயத்துக்கு வருவோம்.

ஒவ்வோர் உயிரின் உடம்பிலும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய அறைகளுக்குள் ஒரு நூல் சுருண்டு கிடக்கிறது. அதற்கு டி.என்.ஏ. என்று பெயர். அந்த உயிர் எப்படி வளர வேண்டும், என்னென்ன சரக்குத் தயாரிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. தமிழுக்கு 247 எழுத்து. குழந்தைகள் அதைப் படிக்கப் படும் பாடு நமக்குத் தெரியும். இந்த நூலில் நாலே எழுத்துத்தான்: ஏ, டி, ஜி, சி. இந்த நாலை மாற்றி மாற்றிப் போட்டே பூசணமும் உண்டாகிறது, புலியும் உண்டாகிறது, நாமும் உண்டாகிறோம்.

ஒரு சரக்கைத் தயாரிக்கும் குறிப்புக்கு மரபணு என்று பெயர். ஜீன் என்றும் சொல்வார்கள். சமையல் குறிப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் குறிப்பும் அடங்கிய முழுப் புத்தகம்தான் மரபணுத் தொகுதி.

1996-ம் ஆண்டில், ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டின் புத்தகத்தைப் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து படித்து முடித்தார்கள். சுமார் 1 கோடியே 20 லட்சம் எழுத்து. பிறகு மற்றப் பூசணங்களின் முறை வந்தது. அமெரிக்க எரிசக்தி இலாகாவுக்குக் கலிபோர்னியாவில் ஒரு மரபணு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே ஆறாம் நம்பர் பூசணத்தைப் படித்தார்கள். 2008-ம் ஆண்டில் வெளியிட்டார்கள்.

சுமார் 3 கோடியே 40 லட்சம் எழுத்து. பக்கத்துக்கு 2,000 எழுத்து வீதம் அச்சடித்தால் 17,000 பக்கம் வரும். அதில் 9,129 மரபணுக்கள்.

இவ்வளவையும் எப்படிப் படித்தார்கள்? ஒரே நாள் பத்திரிகையில் பத்துப் பிரதிகளை வாங்கிக் கண்டபடி துண்டு துண்டாகக் கிழித்துப் போடுங்கள். ஒரு துண்டின் கடைசி வரி, வேறொரு துண்டின் முதல் வரியாக இருக்கும். அப்படிப் பொருந்தும் துண்டுகளைச் சேர்த்துக்கொண்டே போனால் முழுப் பத்திரிகையும் கிடைத்துவிடும். டி.என்.ஏ. நூலையும் இப்படித்தான் துண்டாக்கினார்கள். துண்டுகளை எந்திரம் படித்தது. அவற்றைக் கம்ப்யூட்டர் ஒட்டியது.

படித்தவர்கள் திகைத்தார்கள்

கூடாரத்தையே தின்ற பூசணம் ஆயிற்றே! வெட்டும் என்சைமுக்கு எக்கச்சக்கமான குறிப்புகள் இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். இல்லை. செடி கொடிகளைத் தின்னும் பூசணங்களில், அதுவரை படித்த மற்ற எல்லாவற்றையும்விட இதில் அந்தக் குறிப்புகள் குறைவாக இருந்தன.

நல்ல சமையற்காரருக்குப் பத்து சமையல் புத்தகம் தேவையில்லை. தெரிந்த நாலு பதார்த்தத்தை ஆயிரம் பேருக்கு அலுங்காமல் சமைப்பார். இந்தப் பூசணமும் அந்த ரகம். இன்னொன்றும் தெரிந்தது. வெட்டும் குறிப்புகளில் பல, ஒரே தெருவில் வீடு பிடித்த சொந்தக்காரர்கள் போல நூலில் பக்கம் பக்கமாக இருந்தன.

'ரட் சி-30' ரகசியமும் வெளியே வந்தது. வீட்டில் சோறு மீதி இருந்தால் யாரும் மறுபடி உலை வைப்பதில்லை. பூசணமும் சிக்கனக்காரன். பக்கத்தில் சர்க்கரை இருந்தால், "என்சைம் போதும், நிறுத்து" என்று ஒரு மரபணு உத்தரவு போடும். அது பிரேக் மாதிரி. 'ரட் சி-30' பூசணத்தில் அந்தப் பிரேக் உடைந்திருக்கிறது என்று 1996-ம் ஆண்டிலேயே கண்டுபிடித்தார்கள். முழுப் புத்தகமும் கைக்கு வந்த பிறகு இரண்டையும் ஒப்பிட்டார்கள். ஓர் இடத்தில் 85,000 எழுத்து ஒரேயடியாகக் காணோம். அதோடு 29 மரபணுக்களும் போய்விட்டன. இன்னும் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் எழுத்து மாறிக் கிடந்தது. அன்று பாய்ச்சிய கதிர் எங்கெங்கே அடித்தது என்பது முப்பது வருஷம் கழித்துத் தெரிந்தது.

இப்போது கண்ணை மூடிக்கொண்டு கதிர் பாய்ச்ச வேண்டியதில்லை. எந்தக் குறிப்பைத் திருத்த வேண்டுமோ அதை மட்டும் திருத்தலாம்.

இன்னொரு வேடிக்கை. இந்தப் பூசணத்துக்கு ஜோடியே கிடையாது என்று வெகு காலம் நினைத்திருந்தார்கள். எழுத்தைப் படித்தபோது ஜோடி சேருவதற்கான மரபணு தென்பட்டது. 2009-ம் ஆண்டில், காட்டிலிருந்து எடுத்த அதன் இனத்துப் பூசணத்தோடு சேர்த்து வளர்த்தார்கள். கல்யாணம் கூடியது, குஞ்சும் பிறந்தது!

மற்றப் பூசணங்களையும் படித்தார்கள். கடையில் 'எலுமிச்சை உப்பு' என்று வாங்குகிறோமே, அந்தச் சிட்ரிக் ஆசிடில் மிகப் பெரும் பகுதி எலுமிச்சம் பழத்திலிருந்து வருவதே இல்லை. 'ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர்' என்ற கறுப்புப் பூசணம் சர்க்கரையைத் தின்று அதைக் கொடுக்கிறது. அதன் புத்தகம் 2007-ல் வெளிவந்தது. ஜப்பானியர் சோயா குழம்புக்கும் அரிசி மதுவுக்கும் போடும் பூசணத்தை 2005-ல் படித்தார்கள். வேர்க்கடலையில் விஷம் ஏற்றும் பூசணத்துக்கு இது நெருங்கிய சொந்தம். விஷக் குறிப்பு இதனிடமும் இருக்கிறது, ஆனால் வேலை செய்யாமல் முடங்கிக் கிடக்கிறது என்று தெரிந்தது. (பூசணம் பிடித்த வேர்க்கடலையைத் துடைத்துவிட்டுத் தின்னாதீர்கள். குழந்தைகளுக்கும் கொடுக்காதீர்கள். வறுத்தாலும் அந்த விஷம் முழுவதும் போகாது.)

பானிப்பட்டு ஆலை

இதனால் சாதாரண ஜனங்களுக்கு என்ன லாபம்? நியாயமான கேள்வி.

அரியானாவிலும் பஞ்சாபிலும் நெல் அறுத்த பிறகு தாளை வயலிலேயே கொளுத்துகிறார்கள். அந்தப் புகை டில்லி வரை போகிறது. அரியானா மாநிலம் பானிப்பட்டில், வைக்கோலிலிருந்து எரிசாராயம் எடுக்கும் இந்தியன் ஆயில் ஆலையை 2022-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி திறந்தார்கள். வருஷத்துக்கு 2 லட்சம் டன் வைக்கோலில் சுமார் 3 கோடி லிட்டர் எடுப்பது திட்டம். இந்த மாதிரி ஆலைகளுக்கு உயிர்நாடி, வைக்கோலை வெட்டும் என்சைம்தான்.

ஆனால் ஆகாயக் கோட்டை கட்ட வேண்டாம். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் 2015-ல் இதே போன்ற பெரிய ஆலை ஒன்று திறக்கப்பட்டது. மக்காச்சோளத் தட்டையிலிருந்து எரிசாராயம் எடுக்க வந்த ஆலை. இரண்டே வருஷத்தில் கம்பெனி அந்தத் தொழிலையே விடுவதாக அறிவித்தது. வைக்கோலைச் சேர்ப்பது, கட்டுவது, நனையாமல் காப்பது எல்லாம் பெரும் செலவு. என்சைமும் விலை அதிகம். எழுத்தைப் படித்து என்சைம் விலையைக் குறைக்கலாம். வண்டி வாடகையைப் பூசணம் குறைக்காது!

பங்கு யாருக்கு?

இன்று உலகமெங்கும் தொழிலில் இருக்கும் டிரைக்கோடெர்மா ரீசிப் பூசணங்கள் சாலமன் தீவில் எடுத்த அந்த ஒரே பூசணத்தின் வாரிசுகள். அன்று எடுத்தவர்கள் யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று சட்டமும் அப்போது இல்லை.

1992-ம் ஆண்டில்தான் உலக நாடுகள் கூடி, ஒரு நாட்டின் செடி, விலங்கு, நுண்ணுயிர் ஆகியவற்றின் மீது அந்த நாட்டுக்கு உரிமை உண்டு என்று உடன்படிக்கை செய்துகொண்டன. அமெரிக்கா இதில் சேரவில்லை. இந்தியா 2002-ல் இதற்காகச் சட்டம் போட்டது. அந்தச் சட்டப்படி ஏற்பட்ட தேசியப் பல்லுயிர் ஆணையத்துக்குத் தலைமை அலுவலகம் நம் சென்னையிலேயே இருக்கிறது. வெளிநாட்டார் நம் மண்ணிலிருந்து ஒரு பூசணத்தை ஆராய்ச்சிக்கு எடுத்துப் போகவேண்டுமானால் அந்த ஆணையத்தின் அனுமதி வேண்டும்.

சட்டம் போட்டபோது எல்லோரும் மண்ணையும் செடியையும்தான் நினைத்தார்கள். இப்போது பூசணத்தைத் தொடவே வேண்டாம். அதன் எழுத்துக்கள் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. எங்கோ ஓர் ஊரில் இருப்பவர் அதை எடுத்து, வேண்டிய மரபணுவை மட்டும் செயற்கையாகத் தயார் செய்து, வேறோர் உயிரில் வைத்து என்சைம் எடுத்து விற்கலாம். விதை மூட்டையைத் தடுக்கச் சுங்கச் சாவடி உண்டு. எழுத்தைத் தடுக்க எந்தச் சாவடி?

அப்படியானால் எழுத்தைப் பூட்டி வைத்துவிடலாமா? கூடாது என்பதே நமது கருத்து. ஆறாம் நம்பர் பூசணத்தின் புத்தகம் இலவசமாக எல்லோருக்கும் கிடைத்தது. அதனால்தான் அமெரிக்கா படித்ததை வைத்துக்கொண்டு ஐரோப்பாவில் இருந்தவர்கள் காணாமற்போன மரபணுக்களைக் கண்டுபிடித்தார்கள். நம் ஊர்க் கல்லூரி மாணவரும் அதைக் காசில்லாமல் எடுத்துப் படிக்கலாம். பூட்டினால் பணக்காரக் கம்பெனி விலை கொடுத்துத் திறந்துகொள்ளும். மாணவர்தான் வெளியே நிற்பார்.

எழுத்து எல்லோருக்கும் திறந்தே இருக்கட்டும். அதை வைத்துச் சம்பாதிக்கும் கம்பெனி, சம்பாதித்ததில் ஒரு பங்கு கொடுக்கட்டும். இதுதான் முறை.

உலக நாடுகளும் மெல்ல இந்த வழிக்கு வருகின்றன. 2022-ம் ஆண்டு டிசம்பரில் மாண்ட்ரீல் மாநாட்டில் இதை ஒப்புக்கொண்டார்கள். 2024-ல் கொலம்பியா நாட்டில் காலி என்ற ஊரில் கூடித் திட்டம் வகுத்தார்கள். 2025 பிப்ரவரியில் 'காலி நிதி' என்ற பெயரில் நிதி தொடங்கினார்கள். உயிர்களின் எழுத்தால் லாபம் பெறும் பெரிய கம்பெனிகள் லாபத்தில் 100-க்கு 1, அல்லது வரவில் 1,000-க்கு 1 கொடுக்கலாம் என்று அளவும் சொன்னார்கள். வரும் பணத்தில் பாதியாவது பழங்குடி மக்களுக்கும் உள்ளூர் மக்களுக்கும் போய்ச் சேர வேண்டும் என்றார்கள்.

நல்ல திட்டம். ஒரே ஒரு குறை. கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. கோவில் உண்டியல் மாதிரி, இஷ்டப்பட்டவர்கள் போடலாம். பக்தி உள்ளவர்கள் உண்டியலில் போடுவார்கள். கம்பெனிக்கு அந்தப் பக்தி வருமா? காலி என்பது ஊரின் பெயர். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு. நிதி பெயருக்கு ஏற்றபடி ஆகிவிடக் கூடாது.

ஆகையால் ஒவ்வொரு நாடும் தன் சட்டத்திலேயே இதைக் கட்டாயமாக்க வேண்டும். இந்தியா முதலில் செய்யலாம். சென்னையில் இருக்கும் ஆணையம் இதற்கான யோசனையை மத்திய சர்க்காருக்கு எழுதி அனுப்பட்டும்.

இன்னொரு வேலையும் பாக்கி இருக்கிறது. உலகில் இதுவரை பெயர் வைத்த பூசண, காளான் இனங்கள் சுமார் ஒன்றரை லட்சம். பெயர் வைக்காதவை அதைப்போல் பல மடங்கு என்று விஞ்ஞானிகள் கணக்கிடுகிறார்கள். அவற்றில் நம் காட்டிலும் வயலிலும் வைக்கோற்போரிலும் இருப்பவை எத்தனையோ. புனே நகரில் பூசணங்களுக்கென்றே தேசியச் சேமிப்பகம் ஒன்று இருக்கிறது. சண்டிகாரில் நுண்ணுயிர்ச் சேமிப்பகம் இருக்கிறது. கண்ணாடிக் குழாய்களில் பூசணத்தை உயிரோடு வைத்துக் காப்பது அவற்றின் வேலை. ஆறாம் நம்பர் பூசணத்தை 1944-ல் எடுத்தார்கள். அதன் எழுத்தைப் படித்தது 2008-ல். நடுவில் 64 வருஷம் அதை யாரோ சாகாமல் காப்பாற்றினார்கள். அந்த மாதிரி வேலைக்குப் பத்திரிகையில் படம் வராது. புனேக்கும் சண்டிகாருக்கும் ஆளும் பணமும் குறையாமல் மத்திய சர்க்கார் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே இருக்கும் நம் பூசணங்களின் எழுத்தை நம் மாணவர்களைக் கொண்டே படிக்க வைத்து, எந்த ஊர் மண்ணில் எடுத்தது என்ற குறிப்போடு வெளியிட வேண்டும்.